வேர் மேலே இருந்த பெட்டி

மருமகள் கல்லைத் தின்கிறாள் என்று கல்யாணமான புதிதில் அத்தை பயந்துபோனது உண்டு. உண்மையில் அவள் தின்னவில்லை, கடித்துத்தான் பார்த்தாள். பூமிக்கு அடியிலிருந்து எடுத்த கல் முன்பல்லில் நறநறத்தால் அதில் மணல் இருக்கிறது. வெண்ணெய் போல வழுக்கினால் சுத்தமான களிமண். நிலவியல் படித்தவர்கள் எல்லோரும் கூச்சமில்லாமல் செய்கிற காரியம்தான் இது. ஆனால் மாமியார் வீட்டில் போய் அதை யாருக்கு விளக்க முடியும்? நிலக்கரி தேடும் முகாமில் அவளுக்குக் 'கல்கடி' என்றே பேர் வைத்துவிட்டார்கள். வைத்தவர் வேறு யாருமில்லை, அவளுடைய மாமனார்தான்.

மாமனார் அதே முகாமில் துளையிடும் இயந்திரத்துக்குத் தலைமை ஆள். அவருக்கும் ஒரு பேர் உண்டு: 'தப்பாத கை'. இயந்திரம் பூமிக்குள் குழாயை இறக்கி, கல்லையும் கரியையும் உருளை உருளையாக அறுத்து மேலே கொண்டுவரும். அதைக் குழாயிலிருந்து உருவி, எது மேலே இருந்தது எது கீழே இருந்தது என்று வரிசை மாறாமல் மரப்பெட்டியில் அடுக்க வேண்டும். பெட்டியின் ஒரு மூலையில் சிவப்புப் பொட்டு இருக்கும். மேலே இருந்த கல் அந்த மூலையில் தொடங்கி, புத்தகத்தில் எழுத்து ஓடுவதுபோல வரி வரியாக இறங்கும். எந்த ஆழத்துக் கல் என்று எழுதிய சின்ன மரக்கட்டைகளையும் நடுநடுவே வைப்பார்கள். இந்த வேலையை அவர் இன்னொருவர் கையில் விட்டதே இல்லை. நாற்பது வருஷத்தில் ஒரு துண்டுகூட இடம் மாறியதில்லை என்று அவரே சொல்வார். அவர் சொல்லி முடிப்பதற்குள் பக்கத்தில் நிற்பவர்களும் சேர்ந்து சொல்வார்கள், அத்தனை தடவை கேட்டிருக்கிறார்கள்.

வீட்டில் அவர் மாமா, வேலையிடத்தில் அவள் மேடம். இரண்டையும் குழப்பிக்கொள்ளாமல் இருக்க இருவரும் பட்ட பாடு கொஞ்சமில்லை. போன வாரம் வெயிலில் அவருக்கு லேசாகத் தலை சுற்றியது. மேடம் சொன்னால் கேட்க மாட்டார் என்று மருமகளாகக் கெஞ்சி, கடை முழுவதும் அலைந்து, நாலு பேர் நிற்கிற அளவுக்குப் பெரிய குடை ஒன்றை வாங்கி வந்து கொடுத்தாள். 'எனக்கென்ன, குச்சி ஐஸா விக்கிறேன்?' என்று முறைத்துவிட்டு அவர் அதை வாங்கிக்கொண்டார்.

இப்போது அவளுடைய கவலைக்கு வருவோம். ஓடைக்கு இந்தப் பக்கம் போட்ட துளைகள் எல்லாவற்றிலும் ஒரே நிலக்கரி அடுக்கு கிடைத்திருந்தது. அது ஓடைக்கு அடியில் புகுந்து அந்தப் பக்கமும் தொடர்கிறது என்று அவள் வரைபடத்தில் ஒரு புள்ளிக்கோடு போட்டாள். அவள் தானாக வரைந்த முதல் வரைபடம் அது. தலைமை அலுவலகத்துப் பெரியவர் அதைப் பார்த்துச் சிரித்தார். அவர் சட்டைப்பையில் பேனா இருக்கிறதோ இல்லையோ, ரப்பர் இருக்கும். அடுத்தவர் போட்ட கோடு எதையும் அவர் அழிக்காமல் விட்டதாகச் சரித்திரம் இல்லை. அதனால் அவருக்கு 'அழிரப்பர்' என்று பேர். "அந்தப் பக்கம் ஒரே ஒரு துளை போட்டுப் பாருங்கம்மா. அதே அடுக்கு வந்தா உங்க கோடு நிக்கட்டும். வரலேன்னா அழிச்சுட்டு, இயந்திரத்தை வேற இடத்துக்கு அனுப்பிடலாம். நீங்களும் அலுவலகத்துக்கு வந்துடுங்க, படம் நகல் எடுக்க ஆள் பத்தல" என்றார். அடுத்தவர் படத்தை நகல் எடுப்பதைவிடக் கல்லைக் கடித்துப் பல் உடைத்துக்கொள்வது மேல் என்று அவள் நினைத்தாள்.

அந்தத் துளையில் கரி வந்தது. வந்த அன்று அவள் இல்லை. அலுவலகத்தில் பெரியவர் எதிரே உட்கார்ந்து அதே கோட்டுக்காக வாதாடிக்கொண்டிருந்தாள். கரித்துண்டுகள் பெட்டியில் இருந்த வரிசைப்படியே எண் போட்டு நேரே சோதனைக்கூடத்துக்குப் போய்விட்டன. அங்கே இருந்தவள் 'சாம்பல் அக்கா'. கரியைப் பொடித்து, துளி எடுத்து உலையில் எரித்து, மிஞ்சுகிற சாம்பலை நிறுத்துச் சொல்வது அவள் வேலை. நல்ல கரி என்றால் தட்டில் ஒன்றும் மிஞ்சாது. "மோசமான கரி இருக்கே, சாப்பாடு பிடிக்காத பிள்ளை மாதிரி. எவ்வளவு நேரம் வெச்சாலும் தட்டுல பாதி அப்படியே கிடக்கும்" என்பாள்.

முடிவைச் சொல்லத் தொலைபேசியில் கூப்பிட்டபோது சாம்பல் அக்காவின் குரலில் சுரத்தே இல்லை. "மேல் பாதி தங்கம்டி, சாம்பலே இல்ல. கீழ் பாதிதான் வெறும் குப்பை."

கல்கடி பழைய சாம்பல் கணக்கை எடுத்துப் பார்த்தாள். மற்ற துளைகளில் இதற்கு நேர் எதிர். அங்கே அடியில் சுத்தமான கரி, மேலே போகப் போக அழுக்கு. அதற்குக் காரணம் அவளுக்குத் தெரியும். ஒரு காலத்தில் அது சதுப்புக் காடு. மரங்கள் அசையாத தண்ணீரில் விழுந்தன. காற்றுப் படாததால் மக்கிப் போகாமல் ஒன்றின்மேல் ஒன்றாகச் சேர்ந்தன. முதலில் தெளிந்த தண்ணீர், அதனால் சுத்தமான கரி. பிறகு பக்கத்து ஆறு கரை புரண்டு சேற்றைக் கொண்டுவரத் தொடங்கியது. சேறு கலந்த கரிதான் எரிந்தால் சாம்பலாக மிஞ்சுகிறது. கடைசியில் சேறே காட்டை மூடிவிட்டது. மேலே மேலே மண் ஏறி அழுத்த, அடியில் வெந்து கரியானது. நனைந்த விறகு எரியாது என்பார்கள். இந்த விறகு நனைந்து கிடந்ததால்தான் இத்தனை காலம் கழித்தும் எரிகிறது. அந்தக் கதை ஓடைக்கு அந்தப் பக்கம் மட்டும் எப்படித் தலைகீழாக நடக்கும்? நடந்திருந்தால் அது வேறு காடு, வேறு அடுக்கு. அவளுடைய கோடு பொய்.

சாயங்காலம் பெட்டிகள் அடுக்கிய கொட்டகைக்குப் போனாள். கரியை எடுத்துவிட்டாலும், கரிக்கு மேலேயும் கீழேயும் இருந்த கற்கள் பெட்டியிலேயே இருந்தன. சிவப்புப் பொட்டு இருந்த மூலையிலிருந்து ஒரு துண்டை எடுத்துத் தண்ணீர் தெளித்துத் துடைத்தாள். கடித்தாள். வெண்ணெய். துண்டுக்குள்ளே கறுப்பு நூல்கள் குறுக்கும் நெடுக்குமாகப் பின்னிக்கொண்டு போயின. வேர்கள். காடு ஊன்றி நின்ற மண் அது. எதிர் மூலைக்குப் போய், அடியில் இருந்ததைத் துடைத்தாள். காட்டை மூடிய சேறு இறுகி ஏடு ஏடாகப் பிரிந்த கல்லில், தட்டையாக அழுந்திய ஓர் இலை, நரம்புகூட மறையாமல் படுத்திருந்தது.

வேர் மேலே, இலை கீழே. எந்த ஊர்க் காட்டில் வேர் வானத்தைப் பார்த்து வளர்கிறது?

அவளுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. கோடு பிழைத்தது! அடுக்கு அதேதான், பெட்டிதான் தலைகீழ். கொட்டகையில் தனியாக ஒரு சுற்று ஆடக்கூட ஆடினாள். பாதி ஆட்டத்தில்தான் உறைத்தது. பெட்டியை அடுக்கியவர் மாமா.

வீட்டில் கணவன் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தான். விஷயத்தைக் கேட்டதும் கையிலிருந்த தட்டு நழுவியது.

"எங்கப்பா தப்பு பண்ணிட்டாருன்னு அவர்கிட்டயே சொல்லப் போறியா? இதுவரைக்கும் அப்படிச் சொன்னது எங்கம்மா மட்டும்தான். அவங்களும் ஒரே ஒரு தடவைதான் சொன்னாங்க."

"சொல்லலேன்னா என்னை நகல் எடுக்க அனுப்பிடுவாங்க."

"அப்போ சொல்லிடு. எனக்குச் சம்பந்தம் இல்ல, நான் பாத்திரம் கழுவிட்டு இருந்தேன்."

கூடத்தில் மாமா அத்தையிடம் தன் நாற்பது வருஷக் கதையைச் சொல்லிக்கொண்டிருந்தது காதில் விழுந்தது. அத்தை 'உம்' கொட்டிக்கொண்டிருந்தாள். மனுஷர் அத்தனை சந்தோஷமாகச் சொன்னார். அவளுக்கு அவரைப் பிடிக்கும். கல்கடி என்று பேர் வைத்தபோதும் பிடித்தது. இந்த ஒரு பெருமையைப் போய்ப் பிடுங்குவதா? இருதலைக் கொள்ளி எறும்பாக ராத்திரியை ஓட்டினாள். காலையில் முதல் வேலையாக, யாரும் வருமுன் அவரைத் தனியே அழைத்துப் பக்குவமாகச் சொல்லிவிடலாம் என்று முடிவு செய்துகொண்டு தூங்கினாள்.

காலையில் அவளுக்கு முந்தியே அழிரப்பர் வந்து நின்றார்.

கொட்டகை மேஜையில் வரைபடம் விரிந்திருந்தது. இயந்திரத்து ஆட்கள் சுற்றி நின்றார்கள். சாம்பல் அக்காவும் வந்திருந்தாள். மாமா தூணில் சாய்ந்து, குடையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நின்றார். பெரியவர் ரப்பரை எடுத்து ஊதினார். புள்ளிக்கோட்டின் முனையில் வைத்தார்.

"சார், கொஞ்சம் இருங்க" என்றாள்.

"சாம்பல் கணக்கு வந்தாச்சேம்மா. இது வேற அடுக்கு."

"அதே அடுக்குதான் சார். பெட்டியில வேர் மேல இருக்கு."

ரப்பர் நின்றது. என்ன இருந்தாலும் அவரும் படித்த மனுஷர். குனிந்து இரண்டு துண்டுகளையும் கண்ணுக்கருகே பிடித்துப் பார்த்தார். "அட!" என்றார். பிறகு நிமிர்ந்து, "அப்போ பெட்டியைத் தலைகீழா அடுக்கியிருக்காங்க. யாரு அடுக்கினது?" என்றார்.

ஆட்கள் எல்லோரும் ஒரே சமயத்தில் தங்கள் செருப்பைப் பார்த்தார்கள். மாமாவின் முகத்தைப் பார்க்க அவளுக்குத் தைரியம் வரவில்லை.

"நான்தான் சார்" என்றாள்.

"நீங்களா? அன்னைக்கு நீங்க என் எதிர்ல உக்காந்து மூணு டம்ளர் டீ குடிச்சீங்களே!"

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கப் பார்த்து மாட்டிக்கொண்டவளாக அவள் விழித்தாள். சாம்பல் அக்கா வாயைப் பொத்திக்கொண்டு திரும்பினாள்.

"தள்ளு மேடம்" என்று மாமா முன்னே வந்தார். "அடுக்கினது நான். என் கை தப்பாது சார். எப்படி அடுக்கினேனோ அப்படியே இங்கயே செஞ்சு காட்டறேன், பாத்துக்குங்க."

பெட்டியைத் தூக்கிக்கொண்டு வெளியே போனார். எல்லோரும் பின்னால் போனார்கள். இயந்திரத்தின் பக்கத்தில் வழக்கமான இடத்தில் பெட்டியை வைத்தார். குடையை விரித்தார். எப்போதும் உட்காரும் பக்கத்தில் தண்ணீர்க் குழாய் ஓடியது, அங்கே குடையை ஊன்ற முடியாது. அதனால் பெட்டிக்கு எதிர்ப்பக்கம் போய் ஊன்றி, அதன் நிழலில் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். காலிக் குழாயை மடியில் வைத்துக்கொண்டு, நாற்பது வருஷப் பழக்கத்தில், மேல் துண்டை வைக்க இடது கையை நீட்டினார்.

இடது கைப்பக்கம் சிவப்புப் பொட்டு இல்லை. அது எதிர் மூலையில், வலது கைக்குப் பக்கத்தில் இருந்தது.

நீட்டிய கை நீட்டியபடியே நின்றது. "இந்தப் பெட்டிக்குத்தான் முதல் தடவையா குடையை விரிச்சேன். அடுக்கிட்டுச் சாப்பிடப் போனேன்" என்று மெதுவாகச் சொன்னார். "திரும்பி வந்து, ஆழம் எழுதின கட்டைகளை மட்டும் வழக்கமான பக்கம் நின்னு வெச்சேன்."

எழுந்து கொட்டகைக்குள் போனார். இதற்கு முந்தைய பெட்டியின் கடைசித் துண்டை எடுத்து வந்தார். அதன் உடைந்த முனையைச் சிவப்புப் பொட்டு மூலையில் இருந்த கல்லோடு சேர்த்துப் பார்த்தார். பொருந்தவில்லை. எதிர் மூலையின் இலைக்கல்லோடு சேர்த்தார். உடைந்த தட்டின் இரண்டு பாதிகளைப் போல, மேடும் பள்ளமும் ஒன்றாகி, இரண்டு கல்லும் கச்சிதமாக உட்கார்ந்தன.

அவள் அழுதுவிடுவாள் போல இருந்தாள். மாமா அந்த ஒட்டிய கல்லைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு அவர் தோள் குலுங்கத் தொடங்கியது. அழுகிறாரோ என்று எல்லோரும் பதறினார்கள். அவர் சிரித்துக்கொண்டிருந்தார்.

"யானைக்கும் அடி சறுக்கும்னு சொல்லுவாங்க. சறுக்கட்டும். ஆனா யானைக்குக் குடை வாங்கிக் கொடுத்தது யாருன்னு ஒருத்தரும் கேக்கலியே?"

எல்லோர் தலையும் கல்கடி பக்கம் திரும்பியது. சாம்பல் அக்காவால் அதற்குமேல் அடக்க முடியவில்லை. அவள் சிரித்த சிரிப்பில் இயந்திரத்து ஆட்களும் சேர்ந்துகொண்டார்கள். அழிரப்பர்கூடச் சிரித்தார் என்று சொன்னால் நம்ப மாட்டார்கள். ரப்பரைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, பையெல்லாம் தடவிப் பார்த்துவிட்டு, "யாராவது பேனா இருந்தா குடுங்கப்பா" என்றார். பேனா வந்ததும் அதை அவளிடம் நீட்டினார். "புள்ளியெல்லாம் எதுக்கு? முழுக்கோடாவே போடுங்க. உங்க கோடு, நீங்களே போடுங்க."

கொட்டகைக்கு ஓடிப்போய் நின்றபடியே போட்டதில் கோடு கொஞ்சம் வளைந்துதான் போனது. ஓடையும் வளைந்துதானே ஓடுகிறது என்று அவள் விட்டுவிட்டாள்.

ஆட்கள் கலைந்த பிறகு மாமா குடையை மடக்கிக்கொண்டு அருகில் வந்தார்.

"என்னைக் காப்பாத்தவா பொய் சொன்ன?"

"ஆமா மாமா."

"இனிமே சொல்லாத. உனக்கு அது வரல." குடையைத் தரையில் ஊன்றினார். "நாப்பது வருஷமா தப்பே பண்ணாதவன்னு ஒரு பேரைத் தூக்கிட்டு அலைஞ்சேன். ராத்திரியெல்லாம் எந்திரிச்சு உக்காந்து யோசிப்பேன், எங்கயாவது மாத்தி வெச்சிருப்பேனோன்னு. உன் அத்தைக்குத் தெரியும். இன்னைக்குத்தான் அதை இறக்கி வெச்சேன். தோளு லேசா இருக்கு."

"மாமா" என்று மட்டும் சொன்னாள்.

"மாமா இல்ல, வேலை நேரம். அடுத்த துளை எங்க மேடம்?"

அவள் வரைபடத்தில் இடத்தைக் காட்டினாள். அவர் தலையாட்டிவிட்டு, சிவப்புப் பெயிண்ட் டப்பாவையும் தூரிகையையும் எடுத்துக்கொண்டு இயந்திரத்தின் பக்கம் நடந்தார். மத்தியானம் அவள் போய்ப் பார்த்தபோது, பெட்டி அவர் உட்காரும் பக்கத்துக்குத் திரும்பியிருந்தது. குடையின் கம்பில், அவருடைய இடது கைக்கு நேராக, ஒரு ரூபாய் அளவுக்குச் சிவப்புப் பொட்டு ஒன்று காய்ந்துகொண்டிருந்தது.