கோடு விழாத சரிவு

வரைபடத்தில் கல்வராயன் மலையைப் பார்க்க நன்றாக இருக்கும். உயரக் கோடுகள் ஒன்றையொன்று நெருக்கிக்கொண்டு நிற்கும். மலையடியைத் தாண்டிக் கிழக்கே வந்தால் கோடுகள் விலகி விலகி, நைனார்பாளையம் பக்கம் வெறும் வெள்ளைத் தாள்தான். பத்து மீட்டர் உயரத்துக்கு ஒரு கோடு. மூன்றடிச் சரிவுக்கெல்லாம் கோடு கிடையாது. ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பார்கள். நான் அந்தச் சுரைக்காயை விற்றுத்தான் சம்பளம் வாங்குகிறேன்.

மழைத் தண்ணீர் கடந்து போகப் புதுச் சாலைக்கு அடியில் எங்கே குழாய் பதிப்பது என்று பார்க்கச் சித்திரையில் அங்கே போனேன். சாலை வரும் வழிக்கு மேற்கே பத்து வீடுகள். அதில் ஒன்று செல்லியம்மாளுடையது. நடவுக் கூலிக்குப் போகிறவர்.

“இங்க ஒரு கொழா வையுங்கம்மா. மொத்தத் தண்ணியும் எங்க வூட்டாண்ட வந்துதான் கெழக்க போவும்,” என்றார்.

“மேப்புல சமமாத்தான் இருக்கு.”

“இன்னாம்மா, நட்டுக்கினே வரோமே. மேல வரப்பாண்ட கணுக்கால் தண்ணி, கீழ வந்தா கெண்டக்காலு. காலுக்குத் தெரியாதா?”

எனக்குச் சிரிப்பு வந்தது. காலை நம்பி அறிக்கை எழுத முடியுமா? ‘சமதளம், குழாய் தேவையில்லை’ என்று எழுதிக் கொடுத்தேன்.

ஐப்பசியில் மூன்று நாள் அடைமழை. அதற்குள் மேடாகப் போட்டு முடித்திருந்த சாலை ஏரிக்கரை மாதிரி தண்ணீரை மறித்துக்கொண்டு நின்றது. மேற்கே, செல்லியம்மாள் வீட்டுக்குள் இடுப்பளவு தண்ணீர். கிழக்கே வரப்புகூட மூழ்கவில்லை. சாலையில் நின்றபடியே பொறியாளருக்குப் போன் போட்டேன்.

“சார், ரோட்டை ஒரு எடத்துல வெட்டி விடணும். தப்பு என்னோடதுதான்.”

“நீ எழுதின ரிப்போர்ட்டைத்தாம்மா மேல அனுப்பியிருக்கேன். ஆர்டர் இல்லாம வெட்டினா என் வேலை போயிடும். புது எஸ்டிமேட் போட்டு அடுத்த வருஷம் பாக்கலாம்.”

பக்கத்தில் நின்ற ஜேசிபி டிரைவரிடம் கெஞ்சினேன். அவர் வண்டியைக் கிளப்பவே இல்லை. வெட்கமாக இருந்தது. அழுகையும் வந்தது.

செல்லியம்மாள் நனைந்த அரிசி மூட்டையைத் தலையில் தூக்கிக்கொண்டு சாலைமேல் ஏறினார். பின்னால் அவர் வீட்டுச் சுவர் சரிந்து விழுந்தது. அவர் திரும்பிப் பார்க்கவில்லை.

“சொன்னீங்களாம்மா?”

“சொன்னேங்க. கேக்க மாட்டேங்கிறாங்க.”

“நான் சொன்னப்ப நீங்களே கேக்கலியே. உங்க பேச்சை மட்டும் யாரு கேப்பாங்க?”

கோபமாகக்கூடச் சொல்லவில்லை. மூட்டையை இறக்கக் கை நீட்டினேன். வேண்டாம் என்று தலையசைத்துவிட்டு, தானே இறக்கி வைத்தார்.