வழுவழுப்பான கழுத்து

மோட்டார் சைக்கிள் கட்டும் ஹாஸ்கெட் பட்டறையில் தலைமுறை தலைமுறையாக ஒரு சட்டம் உண்டு: பிரேமைப் பற்றவைத்தவனே புது வண்டியை முதலில் ஓட்டவேண்டும். அப்படி ஓட்டப்போன டுவைட்டை அன்று காலைதான் புதைத்துவிட்டு வந்திருந்தார்கள். விபத்து நடந்தது நல்ல நேர்ரோட்டில். முன்சக்கரத்தைத் தாங்கும் கழுத்து, பற்றவைத்த இடத்திலேயே விட்டுப்போயிருந்தது.

தேவாலயத்தின் கீழ்த்தளத்தில் பன்றிக்கறி சாண்ட்விச்சும் காப்பியும் சுற்றிவந்தன. டுவைட்டின் தகப்பன் வெர்லின் எதையும் தொடவில்லை. நடந்தது அவர் ஒருவருக்குத்தான் தெரியும். பிரேமைத் தேய்த்துப் பெயிண்ட் அடிப்பது எப்போதும் அவர் வேலை. "கழுத்தை மட்டும் தொடாதீங்கப்பா, பலமே அந்த வெல்டுலதான் இருக்கு" என்று டுவைட் படித்துப் படித்துச் சொல்லியிருந்தான். ஆனால் கண்காட்சிக்குப் போகிற வண்டியில் வெல்டின் அந்தப் புடைத்த தழும்பு அவர் கண்ணை உறுத்தியது. கிரைண்டரை வைத்து மட்டமாகத் தேய்த்தார். மேலே பட்டி பூசி மறைத்தார். கிழவனுக்கு அழகுப் பைத்தியம், மகனிடம் மூச்சுவிடவில்லை.

"தம்பிக்கு எதுலயும் அவசரம்," என்று மூத்தவன் லானி யாரிடமோ சொல்லிக்கொண்டிருந்தான். "தன் குழியைத் தானே தோண்டிக்கிட்டான்."

டுவைட்டின் மனைவி மார்லிஸ் தலைகுனிந்தாள். வெர்லின் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தார்.

"வாயை மூடுடா! அவன் வெல்டு தங்கம்டா. நான்தான் தேய்ச்சேன். எம்புள்ளைய நானே கொன்னுட்டேன்!"

மார்லிஸ் ஓடிவந்து அவர் கைகளைப் பிடித்துக்கொண்டாள்.

"அவர் பேரைக் காப்பாத்த பழியை உங்க தலையில போட்டுக்கணுமா மாமா? எனக்குத் தெரியாதா உங்களை?"

"நெசமாத்தான் சொல்றேம்மா!"

"பெத்த மனசு," என்றார் பாதிரியார். "உக்காருங்க வெர்லின்."

"அந்த உடைஞ்ச கழுத்தைப் போய்ப் பாருங்க!"

"பாத்துட்டேம்பா," என்றான் லானி மெதுவாக. "வெல்டு காகிதம் மாதிரி மெலிசா இருக்கு. விடுங்க."

அவர் கத்தக் கத்த, சுற்றியிருந்தவர்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். இப்படி ஒரு தகப்பன் யாருக்கு வாய்ப்பான் என்று ஒரு பெண் விசும்பினாள். தான் கெஞ்சுவது தனக்கே பொய்யாகக் கேட்கத் தொடங்கியது அவருக்கு.

லானி அவரை அணைத்து வெளியே கூட்டிப்போனான்.

"தம்பி பேர்ல இன்னொரு வண்டி கட்டுவோம்பா. வெல்டு நான் பண்றேன், நானே ஓட்டறேன். தேய்க்கிறது மட்டும் நீங்க. அந்தக் கை வேற யாருக்கு வரும்?"