பெரியப்பா யார் பேச்சைக் கேட்பார்

தொண்டை டாக்டர் டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு, இரண்டு வாரத்துக்கு வாயே திறக்கக்கூடாது என்றார்.

"மெதுவா பேசிக்கிறேன் டாக்டர்" என்று அவள் வெறும் காற்றாகச் சொன்னாள்.

"அது இன்னும் மோசம். என்ன வேலை பார்க்கிறீங்க?"

குழந்தைகளுக்குக் குதிரையேற்றம் கற்றுக்கொடுக்கிறாள் என்று பக்கத்தில் நின்ற கணவன் பதில் சொன்னான்.

"ஓ, குதிரைங்களைச் சத்தம் போட்டுத்தான் இப்படியா?"

"இல்ல டாக்டர், குதிரைங்க ஒரு தடவை சொன்னா கேட்டுக்கும். பசங்களுக்குத்தான் தொண்டை கிழியக் கத்தணும்."

அது உண்மை என்றுதான் அவளும் நினைத்திருந்தாள்.

மறுநாள் மாலை வழக்கம்போல் வகுப்புக்குப் போனாள். மணல் கொட்டிய நீள்சதுர மைதானம், சுற்றிலும் மரவேலி. வேலியின் ஒரு மூலையை ஒட்டித் தீவன அறை. அதற்குப் பின்னால் லாயம். வகுப்பு தொடங்குவதற்கு முன்பே குழந்தைகள் வந்துவிட வேண்டும். குதிரையைத் தேய்த்து விடாதவன் ஏற முடியாது என்பது அவள் போட்ட சட்டம். உடம்பு முழுக்கப் பிரஷ் போட்டு, சேணம் உட்காரும் இடத்தில் ஒரு வைக்கோல் துணுக்குகூட இல்லை என்று கையால் தடவிப் பார்த்து, நான்கு குளம்புகளையும் தூக்கி, உள்ளே அடைந்த மண்ணையும் சாணியையும் கொக்கியால் நோண்டி எடுத்த பிறகுதான் சேணம். பிள்ளையை ராஜகுமாரன்போலக் குதிரைமேல் படமெடுக்க வந்த பெற்றோர்கள், அவன் சாணிக்கூடையோடு வருவதைத்தான் முதலில் படமெடுக்க நேர்ந்தது.

அவளுடைய மகளும் அந்த வகுப்பில்தான் படித்தாள். மைதானத்தில் அவளும் மற்றவர்களைப் போலவே 'மிஸ்' என்றுதான் கூப்பிட வேண்டும். அவளுக்குக் கொடுத்திருந்த குதிரை பெரியப்பா. கனத்த பழுப்புக் குதிரை. வயிறு சரிந்து, எதற்கும் அவசரப்படாமல், சாப்பாட்டுக்கு மட்டும் முதல் ஆளாக நிற்பதைப் பார்த்து யாரோ ஒரு குழந்தை 'எங்க பெரியப்பாவேதான்' என்று சொல்லப்போய், பெயர் ஒட்டிக்கொண்டது. பெயருக்கு ஏற்ற மரியாதையும் கூடவே வந்தது. சேணத்தின் வயிற்றுப்பட்டையை இறுக்கும்போது மூச்சை இழுத்து வயிற்றை உப்பிக்கொள்ளும். இறுக்கினோம் என்று நம்பி ஏறினால், மூச்சை விட்டதும் பட்டை தளர்ந்து சேணம் பக்கவாட்டில் சரியும்.

"ஏமாத்தறாரு பாரு, இன்னும் விடல" என்றான் கண்ணாடி. பெரிய மூக்குக்கண்ணாடி போட்ட பையன், மகள் வகுப்பில் சேர்ந்த அன்றே சேர்ந்தவன்.

"நாலடி நடத்திட்டு மறுபடி இறுக்கினா சரியாயிடும்" என்றாள் மகள். அந்த விவரமெல்லாம் அவளுக்கு அத்துப்படி. வகுப்பிலேயே நன்றாக ஓட்டுகிறவள் என்று எல்லோரும் சொல்வார்கள். மாதக் கடைசியில் நடக்கும் முதல்நிலைத் தேர்வில் தேறினால் வேலியைத் தாண்டி, மரங்களுக்கு நடுவே ஓடும் மண்பாதையில் குதிரையில் போகலாம். அந்தப் பாதையைப் பற்றி அவள் வீட்டில் பேசாத நாள் இல்லை.

குழந்தைகள் ஏறிக்கொண்டார்கள். அவள் மைதானத்தின் நடுவில் போய் நின்று, கையை முன்னால் வீசிக் காட்டினாள். நடக்க வையுங்கள் என்று அர்த்தம்.

குழந்தைகள் காலால் அழுத்தினார்கள். குதிரைகள் நகரவில்லை. அத்தனையும் காதை முன்னால் நீட்டி அவளையே பார்த்துக்கொண்டிருந்தன.

"மிஸ், வண்டி ஸ்டார்ட் ஆகல" என்றான் கண்ணாடி.

"பெட்ரோல் இல்லடா."

"டேய், இறங்கித் தள்ளு!"

மகள் சிரிக்கவில்லை. குதிகாலால் ஓங்கி இடித்தாள். பெரியப்பா பெருமூச்சு விட்டு ஒரு பின்னங்காலைத் தளர்த்தி, வசதியாக நின்றுகொண்டது. "ட்ராட்!" என்று அம்மாவின் குரலை அப்படியே எடுத்துக் கத்தினாள். ஒரு காது மட்டும் பின்னால் திரும்பி, விஷயத்தைத் தெரிந்துகொண்டு, மறுபடி முன்னால் போனது.

நடுவில் நின்றவளுக்கு அப்போதுதான் உறைத்தது. இத்தனை காலமும் அவள் 'வாக்' என்றதும் குதிரைகள் நடந்திருக்கின்றன. 'ட்ர்ராட்' என்று இழுத்ததும் துள்ளுநடைக்கு மாறியிருக்கின்றன. 'ஹோ' என்றதும் நின்றிருக்கின்றன. அவள் சொன்ன பிறகுதான் குழந்தைகள் கால் அழுத்தினார்கள். அந்தக் கால் வந்து சேருவதற்குள் குதிரை கிளம்பியிருக்கும். மேலே இருந்தவர்கள் தாங்கள்தான் கிளப்பினோம் என்று நினைத்தார்கள். கீழே இருந்தவளும் அப்படியே நினைத்தாள். நின்ற இடத்தில் நின்றபடி அத்தனை குதிரைகளையும் ஒரே ஆளாக ஓட்டிக்கொண்டிருந்திருக்கிறாள்.

ராத்திரிச் சாப்பாட்டின்போது மகள் தட்டைத் தள்ளி வைத்தாள்.

"இத்தனை நாளா நீதான் ஓட்டியிருக்க. நான் மேல மூட்டை மாதிரி உக்காந்திருக்கேன்."

அம்மா வாயைத் திறந்தாள்.

"பேசக்கூடாது" என்றான் கணவன். "டாக்டர் சொல்லியிருக்காரு. கல்யாணமானதுல இருந்து எனக்குக் கிடைச்ச ஒரே லீவு, கெடுத்துடாத."

"அப்பா, சும்மா இருங்க. எல்லாரும் சூப்பரா ஓட்டறேன்னு சொன்னாங்க. பொய்தானே? அதைச் சொல்லு."

அம்மா தலையாட்டினாள். வாய் இருந்திருந்தால் ஆறுதலாக ஏதாவது சொல்லிச் சமாளித்திருப்பாள். இப்போது ஆமாம், இல்லை என்ற இரண்டுக்குள் ஒன்றைத்தான் எடுக்க வேண்டியிருந்தது.

"ஏன் சிட்டு அழற? தேர்வுக்குள்ள அம்மா தொண்டை சரியாயிடும். வேலி ஓரமா நின்னு ஒரு வார்த்தை விட்டா அவரு கிளம்பிடப்போறாரு. யாருக்குத் தெரியும்?" என்றான் கணவன்.

"எனக்குத் தெரியுமே" என்றாள் மகள்.

அடுத்த நாளிலிருந்து பாடம் வேறு மாதிரி நடந்தது. சேணத்தை ஒரு கட்டையின்மேல் போட்டு, குழந்தைகளை ஒவ்வொருவராக உட்கார வைத்து, எந்தச் சதையால் அழுத்த வேண்டும் என்று கெண்டைக்காலைப் பிடித்துக் காட்டினாள். சொல்ல வேண்டியதைக் குச்சியால் மணலில் எழுதினாள். 'ஒரு தடவை அழுத்து. காத்திரு. கேட்கவில்லையா, குச்சியால் லேசாகத் தட்டு. நச்சரிக்காதே.' நடுவில் நின்றால் குதிரைகள் அவள் தோள் திரும்புகிற பக்கமே திரும்பின. அதனால் வேலிக்கு வெளியே போனாள். அங்கேயும் முகத்தைத் தேடின. கடைசியில் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றாள்.

மற்ற குதிரைகள் சீக்கிரம் வழிக்கு வந்தன. கண்ணாடி மூன்றாம் நாளே துள்ளுநடையில் போய், "மிஸ், பாக்கலையே நீங்க!" என்று அவள் முதுகிடம் புகார் சொன்னான். பெரியப்பா மட்டும் பத்தடி நடக்கும், வேலியோரம் வரும், அவள் தோளில் தாடையை வைத்துக் கண்ணை மூடிக்கொள்ளும். மேலே மகள் அழுவாள், திட்டுவாள், உதைப்பாள். திரும்பிப் பார்க்காமல் நிற்பது அம்மாவுக்குத் தொண்டை வலியைவிடக் கஷ்டமாக இருந்தது.

ஒருநாள் மகள் உதைப்பதை நிறுத்திவிட்டாள். லகானைத் தளர்வாகப் பிடித்து, ஒரு தடவை அழுத்திவிட்டுக் காத்திருந்தாள். பிறகு குச்சியால் ஒரு தட்டு. தோளிலிருந்து அந்தக் கனம் விலகியதை அம்மா உணர்ந்தாள். குளம்புச் சத்தம் தள்ளிப் போய், சிறிது தூரத்தில் மறுபடி நின்றது. அன்றைக்கு அவ்வளவுதான்.

குரல் திரும்பி வந்த பிறகும் மைதானத்தில் அவள் பேசவில்லை. தேர்வுக்கு முதல் நாள், லாயத்தில் பெரியப்பாவின் வாலைச் சிக்கெடுத்தபடி மகள் சொன்னாள்: "நாளைக்கு நீ அந்தப் பக்கம் வராத. உன்னைப் பாத்தா அவரு வேலையை விட்டுடுவாரு."

ஆசிரியர்கள் வேலியோரம் நிற்கலாம், பேசக்கூடாது என்பது தேர்வு விதி. அன்றைக்கு மட்டும் ஊரிலுள்ள குதிரையேற்ற ஆசிரியர்கள் எல்லோருக்கும் தொண்டையில் ஏதோ வந்துவிடும், கனைத்துக்கொண்டே இருப்பார்கள். தேர்வாளர்களும் கண்டுகொள்வதில்லை.

அவள் வேலியோரம் போகவில்லை. வீட்டுக்குப் போய்விடு என்று கணவன் சொன்னதையும் கேட்கவில்லை. தீவன அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு, தவிட்டு மூட்டைமேல் உட்கார்ந்தாள்.

பலகைச் சுவருக்கு அப்பால் சத்தம் மட்டும் கேட்டது. நடையென்றால் குளம்பு நான்கு தட்டு, ஒவ்வொன்றும் தனியாக. துள்ளுநடையென்றால் இரண்டே தட்டு, டக்-டக் என்று. முதலில் கண்ணாடி போனான். இரண்டு தட்டு, சீராக. கைத்தட்டல் கேட்டது. அடுத்து வந்த கனமான நடை யாருடையது என்று அவளுக்குப் பார்க்காமலே தெரிந்தது.

நான்கு தட்டு. மைதானத்தை ஒரு சுற்று. இரண்டாவது சுற்றில் தீவன அறை மூலைக்கு வந்ததும் நின்றுவிட்டது.

பலகை இடுக்கில் சூடாக மூச்சு வந்தது. பெரியப்பா மோந்து பார்த்துவிட்டு, மூக்கால் பலகையை இடித்தது.

ஒரு வார்த்தை போதும். வார்த்தைகூட வேண்டாம், கனைத்தாலே கிளம்பிவிடும். தவிட்டுத் தூசி பட்டுத் தொண்டை வேறு அரித்தது. கொக்கியில் தொங்கிய வியர்வைத் துணியை இழுத்து வாயில் அடைத்துக்கொண்டாள். அதில் குதிரை வாடை. கண்ணில் தண்ணீர் வந்தது. வெளியே தேர்வாளர் ஏதோ சொன்னார். யாரோ சிரித்தார்கள். கணவன் கனைத்தான். அந்தக் கனைப்பைப் பெரியப்பா மதிக்கவில்லை.

சேணத்தின் தோல் கிறீச்சிட்டது. மகள் கால் அழுத்தியிருக்கிறாள். ஒன்றும் நடக்கவில்லை. காத்திருக்கிறாள். 'உதைக்காதே' என்று அம்மா மனதுக்குள் சொல்லிக்கொண்டாள். நெடுநேரம் போனதுபோல் இருந்தது. பிறகு குச்சியின் லேசான ஒரு தட்டு.

மூச்சு பலகையை விட்டு விலகியது. நான்கு தட்டு. வேலியின் நீளப் பக்கத்தில் அது இரண்டானது. டக்-டக், டக்-டக் என்று மைதானத்தைச் சுற்றி வந்து, தீவன அறை மூலையை நெருங்கி, நிற்காமல் தாண்டிப் போனது.

அவள் லாயத்துக்கு வந்தபோது மகள் கீழே இறங்கி, லகானைக் கையில் பிடித்தபடி வயிற்றுப்பட்டையைத் தளர்த்திக்கொண்டிருந்தாள். முகம் சிவந்திருந்தது.

"பெயில். மூலையில ரொம்ப நேரம் நின்னுட்டாராம். அடுத்த தேர்வுக்கு மறுபடி வரச் சொன்னாங்க." பட்டையை இன்னொரு துளை தளர்த்தினாள். "அப்பா வெளிய மூஞ்சியைத் தூக்கி வச்சுக்கிட்டு நிக்கறாரு. நீ அந்த ரூமுக்குள்ளதானே இருந்த?"

அம்மா தலையாட்டினாள்.

"மோப்பம் பிடிச்சுட்டாரு. வீட்டுக்குப் போயிருக்கலாம்ல?"

அதற்கும் தலையாட்டினாள்.

"ஏதாவது சொன்னியா?"

"இல்லம்மா. ஒண்ணும் சொல்லல."

அந்தக் குரலை இந்த இடத்தில் கேட்டு நாளாகிவிட்டது. பெரியப்பா இரண்டு காதுகளையும் நிமிர்த்தி, அவளை நோக்கி ஒரு அடி எடுத்து வைத்தது. மகள் அம்மாவைப் பார்த்தபடியே லகானைப் பிடித்த விரல்களை மூடினாள். வேறெதுவும் செய்யவில்லை. குதிரை நின்றது.

"குளம்புக் கொக்கியை எடும்மா" என்றாள். "முன்னங்கால்ல கல்லு ஏதோ மாட்டியிருக்கு."