மாத்திரை மேல் பழி

அனுஷியா தன் உள்ளங்காலைச் செல்போனில் படம் பிடிக்கத் தொடங்கியபோதே ஏதோ வில்லங்கம் வரப்போகிறதென்று சகாயமேரிக்குத் தெரிந்துவிட்டது. ஐந்து மாதமாகப் புதுச்சேரி ஆஸ்பத்திரிக்கு வந்துபோகிறாள். சிறுநீரகத்தில் தொடங்கி நுரையீரலுக்கு ஏறிவிட்ட புற்றுநோய். அதற்குப் புதிதாக ஒரு மாத்திரையை அங்கே சோதித்துப் பார்க்கிறார்கள். இன்னும் கடைக்கு வராத மாத்திரை. அதற்குப் பெயர்கூட வைக்கவில்லை, டப்பாவில் வெறும் நம்பர்தான். டிரையலில் சேர்ந்தால்தான் கிடைக்கும் என்றார்கள், சேர்ந்தாள். தை மாத ஸ்கேனில் நெஞ்சுக்கட்டி பாதியாகச் சுருங்கியிருந்தது. அதற்கு முன் கொடுத்த மருந்து எதுவும் அதை அசைக்கக்கூட இல்லை.

"மேரிக்கா, எப்பலேர்ந்து தோல் உரியுது?" என்று கேட்டாள் அனுஷியா. டிரையல் நோயாளிகளுக்குப் போன் செய்வது, ஃபாரம் நிரப்புவது, டாக்டரிடம் அழைத்துப்போவது எல்லாம் அவள் வேலை.

"இது உப்பு உரிக்கிறதும்மா. ஒடம்பு தேறிச்சேன்னு மாசியில பாத்தியில எறங்கினேன். எறங்கினா உரியும்."

"உப்பளத்துலயா வேலை செய்யறீங்க? ஃபாரத்துல கூலின்னு இருக்குதே!"

"ஆமா, கூலிதான்."

மரக்காணத்தில் உப்பு வாருகிறவளிடம் என்ன வேலை என்று கேட்டால் கூலி என்றுதான் சொல்வாள். என்ன கூலி என்று யாரும் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை. சேரும்போது இருபத்திரண்டு பக்கம் எழுதி வாங்கியவர்களுக்கு அந்த ஒரு கேள்வி தோன்றவில்லை பாருங்கள்.

டாக்டர் வந்து காலைத் திருப்பிப் பார்த்தார். கம்ப்யூட்டரில் ஐப்பசியில் எடுத்த பழைய படத்தைத் திறந்தார்.

"சேர்றப்ப உங்க கால் நல்லாதானேம்மா இருந்துச்சு?"

"அது மழைக்காலம் டாக்டரம்மா. அளம் முழுக்க மழைத்தண்ணி. எவ எறங்குவா? அந்த நாள்ல எங்க ஊர்ல எல்லாருக்கும் கால் நல்லாதான் இருக்கும்."

டாக்டர் நல்ல மனுஷி, பொறுமையாகத்தான் கேட்டார். ஆனால் கையும் காலும் உரிவது இந்த மாத்திரைக்குத் தெரிந்த பக்க விளைவு. இந்த அளவுக்கு உரிந்தால் நிறுத்தியாக வேண்டும்.

"ரெண்டையும் நிறுத்துங்கம்மா. மாத்திரையும் வேணாம், உப்பளத்துக்கும் போகாதீங்க. இருபத்தெட்டு நாளுக்குள்ள ஆறணும். ஆறினதும் கொஞ்சம் கம்மி அளவுல திரும்ப ஆரம்பிக்கலாம்."

பஸ் கோட்டக்குப்பம் தாண்டியது. சகாயமேரி பக்கத்தில் இருந்த புருஷன் அந்தோணிராஜிடம் பொரிந்து தள்ளினாள்.

"ரெண்டையும் ஒண்ணா நிறுத்தினா எதனால வந்துச்சுன்னு எப்படிய்யா தெரியும்? ஆறிச்சுன்னா மாத்திரையாலதான்னு எழுதிடுவாங்க. அளவக் கொறச்சிடுவாங்க. கொறச்சா கட்டி சும்மா இருக்குமா?"

"அவங்க படிச்சவங்க மேரி."

"படிச்சவங்கதான். பாத்தியில எறங்கினவங்களா?"

கேள்வி நியாயமானதுதான். அதற்கு அவள் கண்டுபிடித்த பதில்தான் வம்பு. மாத்திரை இல்லாமலும் கால் உரிந்தால் குற்றவாளி உப்புதான் என்று தானாகவே தெரிந்துவிடும் அல்லவா? மறுநாள் காலையே கூடையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டாள். "உனக்குப் பைத்தியமாடி?" என்று அந்தோணிராஜ் தெருமுனைவரை கத்திக்கொண்டே வந்தான். அவள் திரும்பிப் பார்க்கவில்லை.

பங்குனி வெயில். வெடிப்புக்குள் உப்புத்தண்ணீர் இறங்கியபோது உயிர் போனது. மற்ற பெண்கள் காலில் எண்ணெய் தடவிக்கொண்டு இறங்கினார்கள். இவள் அதையும் தடவவில்லை. இருபத்தெட்டு நாள் பல்லைக் கடித்துக்கொண்டால் ஐம்பது வயதைப் பார்த்துவிடலாம் என்று கணக்குப் போட்டு வாரினாள்.

ஒவ்வொரு திங்கட்கிழமையும் அனுஷியா போன் செய்தாள்.

"உப்பளத்துக்குப் போகலையேக்கா?"

"போகலம்மா."

"கால் ஆறிடுச்சா?"

"எங்க ஆறுது? அப்படியேதான் இருக்குது."

அனுஷியா பெருமூச்சு விடுவாள்; இவள் உள்ளுக்குள் சிரித்துக்கொள்வாள். போகிறேன் என்று சொன்னால் திட்டுவார்கள், தடுப்பார்கள். கடைசி நாளில் நேரில் போய் உண்மையைப் போட்டு உடைத்துக்கொள்ளலாம் என்று நினைத்திருந்தாள்.

அந்த நாளும் வந்தது. டாக்டர் அறையில் ஸ்டூலின்மேல் இரண்டு காலையும் தூக்கி வைத்தாள்.

"நல்லா பாருங்க டாக்டரம்மா. மாத்திரையத் தொட்டு இருபத்தெட்டு நாளாச்சு. இன்னும் உரியுது. அப்ப மாத்திரை இல்லதானே?"

டாக்டர் காலைப் பார்க்கவில்லை. அனுஷியா எழுதி வைத்திருந்ததைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான்கு திங்கட்கிழமை. நான்கு இடத்திலும் 'உப்பளத்துக்குப் போகவில்லை'.

"போனேன்! தெனமும் போனேன். போன்ல சொன்னதுதான் பொய். இதக் காட்டத்தான் போனேன்."

"அய்யோ, மேரிக்கா!" என்றாள் அனுஷியா.

இருபத்தெட்டு நாளுக்குள் ஆறாவிட்டால் டிரையலிலிருந்து எடுத்துவிட வேண்டும். அவள் கையெழுத்துப் போட்ட இருபத்திரண்டு பக்கத்தில் பதினான்காம் பக்கத்தில் இருக்கிறது. ஆறணும் என்று டாக்டர் சொன்னார்தான். ஆறாவிட்டால் என்ன ஆகும் என்று அவள் மண்டையில் உறைக்கும்படி யாரும் சொல்லவில்லை. டாக்டர் மருந்துக் கம்பெனிக்குப் போன் போட்டு முக்கால் மணி நேரம் மன்றாடினார். உப்பு என்றார், மழைக்காலம் என்றார், ஒரு வாரம் கொடுங்கள் என்றார். நோயாளி போகவில்லை என்று நான்கு முறை பதிவாகியிருக்கிறது, கடைசி நாளில் மாற்றிச் சொன்னால் ஏற்க முடியாது என்று பதில் வந்தது.

சகாயமேரி காலை இறக்கிக்கொண்டாள். தன்மேல் வந்த ஆத்திரத்துக்கு அளவே இல்லை; கெட்டிக்காரத்தனம் செய்கிறோம் என்று தன் வாயாலேயே தன்னைக் கெடுத்துக்கொண்டாளே!

டாக்டர் அடுத்த வார்டுக்குப் போனதும் அனுஷியா கடைசி ஃபாரத்தை நீட்டினாள். கண் கலங்கியிருந்தது.

"இதுல ஒரு கையெழுத்துக்கா."

"இன்னா எழுதியிருக்குது? படி."

"நிறுத்தக் காரணம்... மருந்தின் பக்க விளைவு."

சகாயமேரி பேனாவை மேசையில் வைத்தாள்.

"போட மாட்டேன்."

"அக்கா, நீங்க போடலன்னாலும்..."

"எனக்கு இனிமே கெடைக்காது, தெரியும். ஆனா என் கட்டியக் கரைச்ச மாத்திரை அது. அது மேல பொய்ப்பழி போட்டு, அதுக்கு என்னையே கையெழுத்து கேக்கிறியா? இதப் படிச்சிட்டு நாளைக்கு இன்னொருத்திக்கும் குடுக்காம நிறுத்துவாங்க. நான் சொன்ன ஒரு பொய் போதும். டாக்டரம்மா வரட்டும். உப்புன்னு எழுதட்டும்."

"அஞ்சரை பஸ் போயிடும் மேரி" என்றான் வாசலில் நின்ற அந்தோணிராஜ்.

"போவட்டும்" என்று சொல்லிவிட்டு, நாற்காலியை நடு அறைக்கு இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.