பெயர் சுரண்டப்பட்ட இசைத்தட்டு

"மறுபடி எழுதுய்யா."

"எத்தனை தரம் சார் எழுதறது? மை காயறதுக்குள்ள போயிடுது. வயசு நிக்குது, தெரு நிக்குது, பேரு மட்டும் நிக்கல."

"பேனாதான் கோளாறு. என் பேரை எழுதிப் பாரு."

காவலன் எழுதினான். அதிகாரியின் பெயர் அச்சடித்தாற்போல் நின்றது.

"சார், இப்போ கைதியோட இடத்துல நீங்க இருக்கீங்க."

பெஞ்சில் உட்கார்ந்திருந்த பெண் சிரித்துவிட்டாள். பேருந்து நிறுத்தத்தில் சந்தேகப்படும்படி நின்றாள் என்பது அவள் மேலிருந்த குற்றம். தென்கிழக்கு லண்டனில் கறுப்புத் தோலோடு நிற்கிறவர்களுக்கென்றே அப்போது அப்படி ஒரு சட்டம் இருந்தது. பெயரில்லாதவள் மேல் வழக்குப் போட வழியில்லாததால் திட்டி அனுப்பிவிட்டார்கள்.

அது எழுபத்தெட்டாம் வருடத்துக் கோடை. பெயர் போனது அதற்கு முந்தைய வாரம். ஜமைக்காவிலிருந்து வந்த லாசெல்ஸ், அலமாரி உயரத்துக்கு ஒலிப்பெட்டிகள் செய்து, சனிக்கிழமைதோறும் யார் வீட்டு நிலவறையிலாவது ஆட்டம் வைப்பவன். அவளைப் பாடவைத்து ஒரே ஒரு இசைத்தட்டு பதித்திருந்தான். போட்டிக் கோஷ்டிக்காரர்கள் எட்டிப் பார்த்து இன்ன பாட்டு என்று தெரிந்துகொண்டுவிடாமல், தட்டின் நடுவில் ஒட்டிய தாளைச் சுரண்டிவிடுவது அந்தத் தொழிலில் எல்லோரும் செய்வதுதான். லாசெல்ஸ் எதையும் அரைகுறையாகச் செய்கிறவனல்ல. பாட்டின் தலைப்போடு பாடியவளின் பெயரையும் கத்தியால் வழித்தெடுத்தான். மறுநாள் காலை அவளுடைய அம்மா ஐவரீன், சோளக்கஞ்சி ஆறுகிறதென்று மாடிப்படியடியில் நின்று கூப்பிட வாயைத் திறந்தாள். வாய் திறந்தபடியே இருந்தது. கடைசியில் "ஏ புள்ள" என்றாள்.

பாட்டில் பெரிதாக ஒன்றுமில்லை. நிற்கிறேன், நிற்பது என் கால், கால் என் வீடு என்று மூன்று வரி. அதன் அடியில் நெஞ்சுக்கூட்டை அதிரவைக்கும் ஒரு தாளம். கூடப் பாடினவர்களின் பெயரும் கழன்று விழுந்து மறுநாள் காலைப் பசிக்குத் திரும்பி வருகிறது என்பது ஒரு மாதத்துக்குள் அந்தப் பகுதி முழுக்கத் தெரிந்துவிட்டது. பிள்ளைகள் காவல் வண்டியைக் கண்டால் அதை முணுமுணுக்கப் பழகினார்கள். இலையுதிர்காலத்தில், நாடு வெள்ளையருக்கே என்று கொடி பிடித்தவர்கள் ஊர்வலம் வந்தபோது, லாசெல்ஸ் பெட்டிகளைச் சன்னல்களில் தூக்கி வைத்தான். நடைபாதையில் பஞ்சாபிப் பேருந்து நடத்துநர்களும் காதில் ஊக்குக் குத்திய வெள்ளைப் பையன்களும் சேர்ந்து பாடினார்கள். வண்டி வண்டியாக ஆள் பிடித்தது காவல்துறை. பொழுது சாய்வதற்குள் அத்தனை பேரையும் விடவேண்டியதாயிற்று. பக்கம் பக்கமாகக் குற்றங்கள் இருந்தன, அவற்றைச் செய்ய ஆள் இல்லை.

மற்றவர்களுக்குப் பெயர் திரும்பியது. அவளுக்குத் திரும்பவில்லை. தபால்காரர் முகவரி மட்டுமுள்ள உறைகளைத் தவறாமல் அவள் கையில் கொடுத்துவிட்டுப் போனார். பிஸ்கட் ஆலையில் அவளைப் பார்த்துக் கைதட்டிக் கூப்பிட்டார்கள். அவளால் ஓரிடத்தில் உட்கார முடியவில்லை. கடையில் செருப்புப் போட்டுப் பார்ப்பதுபோல் ஒவ்வொரு பெயராகச் சொல்லிக்கொண்டு தெருத் தெருவாக நடந்தாள். எல்லாம் கடித்தன. ஒருநாள் மருத்துவமனைச் சலவைக்கூடத்தில் விரிப்பு மடித்துக்கொண்டிருந்த ஐவரீனின் நாக்கில் பாதிப் பெயர் வந்தது. அதே நேரத்தில் காவல் நிலையத்துப் பழைய பக்கங்களில், ஊர்வலத்தன்று பிடிபட்ட எல்லாருடைய பெயரிலும் பாதி எழும்பியது. அந்தப் பாதியை வைத்தே பேருந்து நடத்துநர் கிளென்ராயை வந்து பிடித்துப் போனார்கள். அவன் இன்னும் உள்ளே இருக்கிறான். அன்றிலிருந்து ஐவரீன் வேலை நேரத்தில் வாயில் துணியைக் கவ்விக்கொண்டாள். பாட்டு எல்லா ஆட்டத்திலும் ஓடியது. பெயரில்லாத பெண் ஒருத்தி தங்கள் தெருவில் இருப்பதை, பாலம் இருப்பதுபோல் ஏற்றுக்கொண்டுவிட்டார்கள்.

தட்டைச் சுரண்டினவனுக்கு மட்டும் முழுப்பெயரும் நினைவிருக்கிறது என்பதும் எல்லோருக்கும் தெரிந்ததுதான். ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் அவள் அவனுடைய கொட்டகைக்குள் வந்து, உட்காராமல், பெட்டிகளுக்கு நடுவே இங்குமங்கும் நடந்தாள்.

"உக்காரு தங்கச்சி. தலை சுத்துது எனக்கு."

"தங்கச்சி, தங்கச்சி. இந்தத் தெருவுல பாதிப் பேரு உனக்குத் தங்கச்சிதான்."

"கிளென்ராய் அம்மாவைப் பாத்தியா?"

"தினம் பாக்கறேன். அவங்க எனக்கு வணக்கம் சொல்றாங்க. யாருக்குச் சொல்றாங்கன்னு எனக்கே தெரியல."

லாசெல்ஸ் ஈயம் பற்றவைக்கும் கம்பியைக் கீழே வைத்தான். தாடையை இறுக்கிக்கொண்டான். வெளியே யாரோ அந்த மூன்று வரியைப் பாடிக்கொண்டு போனார்கள். அவள் அவன் காதருகே குனிந்தாள்.

"கதவைச் சாத்திட்டேன் அண்ணே. சத்தமா வேணாம். ஒரே ஒரு தடவை என்னைக் கூப்பிடு."