நேசம்மாள் என்றொரு நாடு

"மாட் பண்ணுறதெல்லாம் டெவலப்மென்ட்ல வராது, ஜெஸ்பின்," என்றார் எட்சன் சார். நாகர்கோவிலில் ஒரு கேம் கம்பெனியின் மாடியறையில் இன்டர்வியூவுக்கு நான் வந்து உட்கார்ந்து நாலு நிமிடம்கூட ஆகவில்லை. என் ஆறு வருட உழைப்பு ஒரே வாக்கியத்தில் ஊத்திக்கொண்டது.

மாட் என்றால் என்னவென்று சொல்லிச் சொல்லியே எனக்குத் தொண்டை வற்றிவிட்டது. ராஜ்ஜியம் ஆளும் கம்ப்யூட்டர் விளையாட்டு ஒன்றை ஒரு வெளிநாட்டுக் கம்பெனி விற்கிறது. வாங்கியவர்களில் கிறுக்குப் பிடித்த நாங்கள் சிலர் அதன் ஸ்கிரிப்ட் கோப்புகளைத் திறந்து, புது நாடு, புது விதி என்று எழுதிச் சேர்ப்போம். அதுதான் மாட். சம்பளம் கிடையாது. நான் எழுதிச் சேர்த்தது நாஞ்சில் நாடு. பகலில் எனக்கு ஆஸ்பத்திரி ஒன்றில் ரெக்கார்டு அடுக்கும் வேலை. அதிலிருந்து வெளியே வரத்தான் இந்த இன்டர்வியூ. முப்பத்திரண்டு வயதில் இன்னொன்று வரும் என்ற நம்பிக்கை எனக்கில்லை.

அந்த ஸ்கிரிப்ட் பிடிவாதம் பிடித்த பிசாசு. வருடத்துக்கு ஒரு விளைச்சல்தான் அதற்குத் தெரியும். எங்களுக்கோ கன்னிப்பூ, கும்பப்பூ என்று இரண்டு போகம். இரண்டாவதை எழுதினால் முதலாவதை மறந்துவிடும். நினைவில் வைக்க இடம் கேட்டால், நாடுகளுக்கு மட்டும்தான் நினைவு உண்டு என்கிறது. சரி தொலை என்று நிலமே இல்லாத ஒரு நாட்டை உண்டாக்கி, எல்லா விளைச்சலையும் நினைவில் வைக்கும் வேலையை அதன் தலையில் கட்டினேன். நிலமில்லாத நாட்டை வருடக் கடைசியில் அழித்துவிடும் என்பது அடுத்த கூத்து. படை ஏதாவது உயிரோடு இருந்தால் மட்டும் விட்டுவைக்கும். குளச்சல் கடலில் ஒரு படகை விட்டு, அதில் ஒரே ஒரு சிப்பாயை நிறுத்தினேன். இதைக் கண்டுபிடிக்க நாலு மாதம் ஆனது.

அந்த நாட்டுக்கு நேசம்மாள் என்று அம்மாவின் பெயரை வைத்தேன். எங்கள் சர்ச்சில், விளைந்ததைக் காணிக்கை வைத்து ஏலம் விடும் அறுப்பின் பண்டிகையில் யார் வீட்டு வாழைக்குலை, யார் வீட்டுச் சேனை, ஏலத்துக்கு எது முதலில், சமையலுக்கு எத்தனை தேங்காய், எல்லாம் அம்மாவுக்கு மனப்பாடம். நோட்டீசில் கமிட்டிக்காரர்கள் பதினேழு பேரின் பெயர் இருக்கும். அம்மாவின் பெயர் ஒரு வருடமும் இருந்ததில்லை. கேட்டால், "நான் கமிட்டியா மக்கா?" என்பாள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

"சரி, வந்ததுக்கு ஒரு டெஸ்ட் வைப்போம்," என்றார் எட்சன் சார். அதே விளையாட்டை மொபைலுக்கு மாற்றும் வேலை இங்கேதான் நடக்கிறதாம். அவர்களுடைய டெவலப்பர் ஷாஹினாஸ் கணினியை என் பக்கம் திருப்பினாள்.

"ரெண்டு போகம் விளையுற எடத்துல எல்லாம் ரெண்டாவது வருஷம் விளைச்சல் பூஜ்யமாவுது. ஜனம் மொத்தமும் பட்டினில சாவுது. ரெண்டு வாரமா மண்டைய உடைக்கோம்," என்றாள்.

கோப்பைத் திறந்தேன். நாடுகளின் பட்டியலில் கடைசியாக, ஆங்கில எழுத்தில், நேசம்மாள்.

நான் எழுதிய அதே நாடு. மாட்களில் பிடித்ததைக் கம்பெனி எடுத்துக்கொள்ளலாம் என்று விதியில் இருக்கிறது. படிக்காமல் சம்மதம் அழுத்தியவள் நான்தான். ஆனாலும் எடுத்தவன் ஒரு வரி எழுதிச் சொல்லியிருக்கக் கூடாதா?

"இது என்ன நாடு?" என்று கேட்டேன்.

"ஆருக்கும் தெரியாது. வெளிநாட்டுக் கம்பெனிலேருந்து வந்த கோட்லயே உண்டு. எடுத்தா கேம் நின்னுரும். அதனால தொடமாட்டோம்."

"கடல்ல ஒரு படகு நின்னிருக்குமே?"

ஷாஹினாஸ் என்னை ஒரு மாதிரி பார்த்தாள். "சும்மாத்தான நிக்குதுன்னு போன மாசம் எடுத்தோம்."

"திருப்பி வைங்க. ஒரு ஆளோட."

வைத்து ஓடவிட்டாள். கன்னிப்பூ விளைந்தது, கும்பப்பூ விளைந்தது. வருடம் திரும்பியது. மறுபடி இரண்டும் விளைந்தன. ஒருத்தரும் சாகவில்லை.

"யா அல்லா, ரெண்டு வாரம்!" என்று ஷாஹினாஸ் தலையில் கைவைத்துக்கொண்டாள்.

"நானாக்கும் இத எழுதினது. நேசம்மாள் எங்க அம்மா," என்றேன்.

எட்சன் சார் சந்தோஷமாகச் சிரித்தார். கெட்ட மனுஷர் இல்லை, அதுதான் இன்னும் எரிச்சல். "ரொம்ப நல்ல விஷயம். ஆனா டெவலப்பர் அனுபவம் பூஜ்யம்லா? தப்பு கண்டுபிடிக்கிற டெஸ்டரா எடுக்கலாம்."

"இவங்க ரெண்டு வாரமா தேடினத நான் ரெண்டு நிமிஷத்துல கண்டுபிடிச்சேன் சார்."

"அதனாலதான் டெஸ்டர்ங்கேன்."

இந்த மனுஷரிடம் என்ன பேசுவது? டெவலப்பர் என்று போட்டால் வருகிறேன், இல்லாவிட்டால் வேண்டாம் என்றேன். மேலே கேட்டுச் சொல்வதாகச் சொன்னார். வேலைக்கு அலைந்த எல்லாருக்கும் அதன் அர்த்தம் தெரியும்.

பூதப்பாண்டி பஸ்ஸில் ஏறி உட்கார்ந்ததும் அம்மா போனில் வந்தாள்.

"வேல கிட்டிச்சா மக்கா?"

"இல்ல. நான் டெவலப்பர் இல்லங்கானுவ."

"நீ எழுதினத அவனுவ பாத்தானுவளா?"

"பாத்தானுவ. அத வச்சித்தான் அவனுவளுக்கு கேமே ஓடுது."

"அப்பம் உம் பேரு போட்டிருக்கானுவளா?"

"எம் பேரு இல்ல. உம் பேரு இருக்கு."

அம்மா வெட்கப்பட்டுக்கொண்டு கேட்டாள். "எம் பேரா? நான் கமிட்டியா மக்கா?"

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "கமிட்டிதாம்மா! நீ இல்லன்னா அங்க ஒருத்தனுக்கும் சோறு கிடையாது!" என்று கத்தினேன். பஸ்ஸில் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள்.