ஒரு நிமிடத்தில் அணையும் நெருப்பு

பேஜர் துடித்தபோது மகேந்திரராசா புது சுவிட்சோடு உதிரிப்பாகக் கடையிலிருந்து வெளியே வந்துகொண்டிருந்தார். 1995 ஜனவரி. மொன்றியலில் மைனஸ் இருபத்தைந்து. காலை பதினொரு மணி வெயிலில் வெளிச்சம் இருந்தது, சூடு இல்லை.

காஸ் ஹீற்றர் திருத்துவதுதான் அவர் தொழில். நேற்று மாலை சிவராசா போனில் கூப்பிட்டிருந்தான். துறைமுகத்தில் வேலை செய்பவன், பார்க் எக்ஸ்டென்ஷனில் ஒரு நிலக்கீழ் வீட்டில் வாடகைக்கு இருப்பவன்.

"அண்ணை, நெருப்புப் பத்துது. ஒரு நிமிசத்தில நூந்து போகுது. பிள்ளை குளிரில நடுங்குது."

"ஃபேன் சுத்துதோ?"

"ஓம், நல்லாச் சுத்துது."

புகையை ஃபேன் வெளியே தள்ளுகிறதா என்று பார்க்க அந்த ஹீற்றரில் ஒரு குட்டி சுவிட்ச் உண்டு. புகை போகாவிட்டால் அது காஸை நிறுத்திவிடும். ஃபேன் சுற்றுகிறது, நெருப்பு அணைகிறது. அப்படியானால் சுவிட்ச்தான் பழுது என்று தீர்மானித்தார் மகேந்திரராசா.

"சுவிட்சுக்குப் போற ரண்டு வயரையும் ஒருக்காச் சேர்த்துப் பாரும்."

சிவராசா போனைப் பிடித்தபடியே சேர்த்துப் பார்த்தான். இம்முறை நெருப்பு அணையவில்லை.

"பிடிச்சாச்சு! நாளைக்குப் புதுசு கொண்டு வாறன்" என்று சொல்லிப் போனை வைத்துவிட்டார்.

பேஜரில் சிவராசா வீட்டு நம்பர். எதிரே இருந்த தெப்பனேர் என்ற மூலைக்கடையில் நுழைந்து, காசு போட்டு அழைத்தார். எடுத்தது சிவராசாவின் மனைவி தாட்சாயினி.

"அண்ணை, இனி நீங்கள் அலையத் தேவையில்லை. நெருப்பு நிக்காமல் எரியுது. மஞ்சளாய், குத்துவிளக்கு மாதிரி வடிவாய் இருக்கு."

அந்த ஹீற்றரில் சுவாலை நீலமாக இருக்கவேண்டும். மஞ்சள் என்றால் புகை வெளியே போகாமல் நஞ்சாகி வீட்டுக்குள் தேங்குகிறது.

"ஆர் திருத்தினது?"

"இவர்தான். விடிய, நீங்கள் சொன்னபடி வயர் ரண்டையும் முறுக்கி விட்டிட்டு வேலைக்குப் போட்டார்."

"தங்கச்சி! வெளிச்சுவரில புகை போற ஓட்டை இருக்கெல்லோ, அதுக்கு முன்னால என்ன கிடக்கு?"

"மோர்மிளகாய்." தாட்சாயினி சிரித்தாள். குரல் இழுத்து இழுத்து வந்தது. "சுடுகாத்து சும்மா போகுதே எண்டு தட்டில பரப்பி வச்சனான். பனி விழாமல் பெட்டியால மூடி, பிளாஸ்டிக்கும் சுத்தி விட்டிருக்கிறன். எப்பிடி என்ர மூளை?"

நேற்று சுவிட்ச் பொய் சொல்லவில்லை! புகை போக வழியில்லை என்று அது திரும்பத் திரும்பக் கத்தியிருக்கிறது. அதன் வாயைக் கட்டச் சொன்னவர் அவரேதான்.

"பிள்ளை எங்க?"

"நித்திரை. எழுப்பினாலும் எழும்புதில்லை. எனக்கும் ஒரே தலையிடி, அதுதான் படுத்துக்கிடந்தன்..."

"பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வெளியில ஓடு! இப்பவே!"

"இந்தக் குளிருக்கோ? விசரே அண்ணை உங்களுக்கு?"

"ஓடு எண்டுறன்!"

'டொக்'கென்று ஏதோ விழுந்தது. பிறகு அவள் பேசவில்லை. எங்கோ தூரத்தில் ஃபேன் மட்டும் சுற்றும் சத்தம்.

கவுன்டரில் நின்ற பெண்ணிடம் விலாசத்தைக் கத்தினார். "காஸ்! குழந்தை! 911!" வாயில் வந்தது பிரெஞ்சா ஆங்கிலமா என்று அவருக்கே தெரியவில்லை. ஆனால் அந்தப் பெண் அதற்குள் நம்பரை அழுத்திவிட்டாள்.

வண்டியில் ஆறே நிமிடம். வழியில் இரண்டு சிவப்பு விளக்குகள். எதற்கும் அவர் நிற்கவில்லை.

நிலக்கீழ் வீட்டின் கதவைத் தோளால் இடித்தார். அரை அடி திறந்து முட்டியது. உள்ளே, கதவடியில் தாட்சாயினி விழுந்து கிடந்தாள். பூட்டைத் திறக்கும் வரைதான் அவளால் முடிந்திருக்கிறது. அவளை இழுத்துப் படியில் போட்டுவிட்டு, மூச்சை அடக்கிக்கொண்டு மறுபடி உள்ளே பாய்ந்தார். காஸ் வால்வைத் திருகி மூடினார். கட்டிலில் பத்து மாதக் குழந்தை. தூக்கியபோது ஈரத்துணி போலத் தோளில் துவண்டது.

அவர் வெளியே வரவும் தீயணைப்பு வண்டி வந்து நின்றது. ஒருவன் குழந்தையைப் பிடுங்கிக்கொண்டு குட்டி மாஸ்க்கை அதன் முகத்தில் பொருத்தினான்.

அழவில்லை.

படியில் தாட்சாயினி இருமிக்கொண்டே எழப் பார்த்தாள். "என்ர பிள்ளை... அண்ணை, என்ர பிள்ளை..."

மகேந்திரராசாவுக்குக் கும்பிடக்கூடத் தோன்றவில்லை. அந்தச் சின்ன நெஞ்சையே பார்த்துக்கொண்டு நின்றார்.

கடைசியில் ஒரு முனகல். அப்புறம் தெருவே திரும்பிப் பார்க்கும் அலறல்!

ஆஸ்பத்திரி வராந்தாவில் சிவராசா வேலைச் சப்பாத்தோடு ஓடி வந்தான். "ரண்டு பேரும் தப்பிட்டினம் எண்டு டொக்டர் சொல்லிப்போட்டார்" என்றவன் மகேந்திரராசாவின் இரண்டு கைகளையும் பிடித்துக் கண்களில் ஒற்றிக்கொண்டான்.

"அண்ணை, நீங்கள் இல்லாட்டி என்ர குடும்பமே..."

"நான் இல்லாட்டி நீர் அந்த வயரைத் தொட்டே இருக்க மாட்டீர், தம்பி. வெளியில வந்து ஒருக்காக்கூடப் பாக்காமல், போனிலயே சுவிட்ச் பழுதெண்டு சொன்னவன் நான். சுவிட்சில ஒரு பழுதும் இல்லை."

சிவராசா அவரை வெறித்துப் பார்த்தான். அவன் பிடி மெல்ல மெல்லத் தளர்ந்தது.